தாளில் ஒரு தோழி

1942 ஜூன் 12 அன்று ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் என்ற யூதச் சிறுமிக்குப் பதின்மூன்று வயது நிறைந்தது. அன்றைய பரிசுகளில் சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட துணி அட்டையுடன் ஒரு நோட்டும் இருந்தது. தோழிகளிடம் வாழ்த்தும் கையெழுத்தும் வாங்கி வைப்பதற்கான ஆட்டோகிராஃப் நோட்டு அது. ஆன் அதை டைரியாக்கிக்கொண்டாள். நான்கு வாரம்கூட ஆகவில்லை, ஜூலை 6 அன்று அவள் குடும்பம் நாஜிகளிடமிருந்து தப்புவதற்காக, பிரின்சன்கிராக்ட் தெருவில் 263ஆம் எண் கட்டடத்தின் பின்பகுதியில் ஒளிந்துகொண்டது. வான் பெல்ஸ் குடும்பத்தார் மூவரும், பிறகு நவம்பரில் பல் மருத்துவர் ஃபிரிட்ஸ் ஃபெஃபரும் வந்து சேர, அந்தச் சின்ன இடத்தில் எட்டுப் பேர். கீழே கிடங்கில் வேலை செய்தவர்களுக்கு இவர்கள் மேலே இருப்பது தெரியக் கூடாது என்பதால் பகலெல்லாம் சத்தம் காட்டாமல் இருக்க வேண்டும். 1944 ஆகஸ்ட் 4 அன்று பிடிபடும் வரை, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக இதுதான் வாழ்க்கை. இதைத் தனிமை என்று சொல்லிவிட முடியாது. எந்நேரமும் பக்கத்தில் யாராவது இருந்தார்கள். அப்பா ஓட்டோவிடம் அவளுக்கு அளவற்ற பாசம். அக்கா மார்கோட் கூடவே இருந்தாள். 1944இன் வசந்தத்தில் வான் பெல்ஸ் வீட்டுப் பையன் பீட்டருடன் நெருக்கமும் உண்டானது. அப்படியும் தன் மனதில் ஓடுவதை அவள் முழுதாகச் சொன்ன இடம் அந்த நோட்டும், அது தீர்ந்தபின் கிடைத்த வேறு நோட்டுகளும்தான்.

உயிருள்ள ஏழு பேர் செய்ய முடியாத எதை ஒரு நோட்டு அவளுக்குச் செய்தது? எழுதினால் மனம் லேசாகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏன் லேசாகிறது என்று கேட்டால், உள்ளே அடைத்துக் கிடப்பதை வெளியே கொட்டிவிடுகிறோம், அதனால்தான் என்பார்கள். இந்த விளக்கம் பாதிக்கு மேல் தவறு என்பதையே கடந்த நாற்பது ஆண்டுகளின் உளவியல் ஆய்வுகள் காட்டுகின்றன. டைரி தரும் ஆறுதல் கொட்டுவதிலிருந்து வருவதில்லை, சொல்வதிலிருந்து வருகிறது. சொல்வதென்றால் கேட்க ஒருவர் வேண்டும். கேட்பவருக்குப் புரிய வேண்டும் என்ற கட்டாயம் வந்ததும் குழம்பிக் கிடந்தது வரிசைக்கு வருகிறது. ஆன் இதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே கண்டுகொண்டாள். டைரி தொடங்கிச் சில மாதங்களிலேயே அவள் குறிப்புகள் கடிதங்களாகிவிட்டன. டச்சு எழுத்தாளர் ஸிஸி வான் மார்க்ஸ்வெல்ட், யோப் டெர் ஹூல் என்ற துறுதுறுப்பான பெண்ணை வைத்து எழுதிய நாவல்களை ஆன் விரும்பிப் படித்தவள். அந்தக் கதைகளில் வரும் தோழிகளின் பெயர்களையே எடுத்து, ஒவ்வொருத்திக்கும் தனித்தனியாகக் கடிதம் எழுதினாள். பிறகு அந்தக் கூட்டத்தில் கிட்டி ஒருத்தி மட்டும் நிலைத்தாள். உலகம் முழுவதும் இன்று படிக்கப்படுவது கிட்டிக்கு எழுதிய அந்தக் கடிதங்கள்தான்.

முதலில் ‘கொட்டித் தீர்ப்பது’ என்ற கருத்தைப் பார்த்துவிடலாம். மனதை ஒரு பிரஷர் குக்கர் போலவும், கோபத்தையும் துக்கத்தையும் அதற்குள் அழுந்தும் ஆவி போலவும் எண்ணுவது நம் பேச்சில் ஊறிப்போன பழக்கம். இதை நேரடியாகச் சோதித்தவர் அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன். 2002இல் வெளியான அவருடைய ஆய்வில் 600 கல்லூரி மாணவர்கள் பங்கேற்றார்கள். அவர்கள் எழுதிய கட்டுரையை இன்னொருவர் மட்டமாக விமர்சித்ததாகக் காட்டிக் கோபமூட்டினார்கள். பிறகு ஒரு பகுதியினர், விமர்சித்தவரை நினைத்தபடியே குத்துச்சண்டைப் பையைக் குத்தினார்கள். இன்னொரு பகுதியினர் உடற்பயிற்சி என்று எண்ணிக் குத்தினார்கள். மூன்றாம் பகுதியினர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். கொட்டித் தீர்ப்பது பலிக்குமானால், எதிராளியை நினைத்துக் குத்தியவர்கள்தான் கடைசியில் அமைதியடைந்திருக்க வேண்டும். அவர்களுக்கே கோபம் அதிகமாக இருந்தது, தண்டிக்கும் வேகமும் அவர்களிடமே கூடுதலாக இருந்தது. சும்மா இருந்தவர்கள் அவர்களைவிடத் தணிந்திருந்தார்கள். உணர்ச்சியை அப்படியே திரும்பத் திரும்ப வெளியேற்றுவது அதற்குப் பயிற்சி கொடுப்பதாகவே முடிகிறது. ஆகவே ஒரு பெண் தன் டைரியில் ‘அவளை வெறுக்கிறேன்’ என்று பத்து முறை எழுதி மூடிவைத்தால், அதனால் மட்டும் அவளுக்கு நல்லது நடந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது.

அப்படியானால் எழுதுவது உதவுகிறது என்று காட்டிய ஆய்வுகள்? அவற்றின் தொடக்கம் 1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வு. 46 கல்லூரி மாணவர்களை நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் எழுதச் சொன்னார்கள். சிலருக்குக் கொடுத்தது அறை, காலணி போன்ற சாதாரணப் பொருள். மற்றவர்களுக்குத் தங்கள் வாழ்வில் நேர்ந்த பெரிய காயம். காயத்தை எழுதியவர்களிலும் சிலர் நடந்ததை மட்டும் எழுத வேண்டும், சிலர் உணர்ச்சியை மட்டும் எழுத வேண்டும், சிலர் இரண்டையும் சேர்த்து எழுத வேண்டும். எழுதி முடித்த கையோடு, உணர்ச்சியைத் தொட்டு எழுதியவர்கள் முன்பைவிட வருத்தமாகவே இருந்தார்கள். மனம் லேசாகவில்லை, கனத்தது. ஆனால் அடுத்த ஆறு மாதத்தில், நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போன தடவைகள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. உணர்ச்சியை மட்டும் கொட்டியவர்களிடம் அந்த அளவுக்குப் பலன் தெரியவில்லை. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு பென்னிபேக்கரும் அவருடைய குழுவினரும் இப்படிப்பட்ட ஆய்வுகளில் எழுதப்பட்ட பக்கங்களைக் கணினியில் ஏற்றிச் சொற்களை எண்ணினார்கள். யாருக்கு உடல்நலம் கூடியது? முதல் நாளைவிடக் கடைசி நாளில் ‘ஏனென்றால்’, ‘அதனால்’, ‘இப்போது புரிகிறது’ என்ற வகைச் சொற்களை அதிகம் எழுதியவர்களுக்கு. சோகச் சொற்களைக் குவித்தவர்களுக்கு அல்ல. முதல் நாளே தெளிவான கதையோடு வந்தவர்களுக்கும் பெரிய மாற்றம் இல்லை. குழப்பத்தில் தொடங்கி, எழுத எழுத ஒரு காரணகாரியத் தொடர்ச்சியைக் கட்டியெழுப்பியவர்களே பயனடைந்தார்கள்.

மனதுக்குள்ளேயே யோசித்து இந்தத் தொடர்ச்சியைக் கட்டிவிட முடியாதா? பெரும்பாலும் முடிவதில்லை. அதற்கான காரணத்தை ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி 1934இல் வெளியான ‘சிந்தனையும் மொழியும்’ நூலில் விளக்கியிருக்கிறார். சின்னக் குழந்தை விளையாடும்போது தனக்குத்தானே சத்தமாகப் பேசிக்கொள்ளும். வளர வளர அந்தப் பேச்சு உள்ளே போய் மௌனப் பேச்சாகிறது. உள்ளே போனதும் அது சுருங்கிவிடுகிறது. எதைப் பற்றி நினைக்கிறோம் என்பது நமக்கே தெரியுமாதலால் எழுவாய் உதிர்ந்துவிடும், காரணம் உதிர்ந்துவிடும், ஒற்றைச் சொல்லில் முழு நிகழ்ச்சியும் அடங்கிவிடும். எழுத்து இதற்கு நேர் எதிர். படிப்பவர் எதிரில் இல்லை, நம் முகத்தையோ குரலையோ அவர் அறியமாட்டார், சூழ்நிலையும் அவருக்குத் தெரியாது. ஆகவே எல்லாவற்றையும் விரித்துச் சொல்லியாக வேண்டும். பேச்சைவிடவும் எழுத்தில்தான் எண்ணம் முழுதாக விரிகிறது என்றார் வைகோட்ஸ்கி. கிட்டி என்ற தோழியின் பயன் இங்கேதான் விளங்குகிறது. கிட்டிக்கு அந்த மறைவிடத்தைப் பற்றி எதுவும் தெரியாது. ஃபெஃபர் யார், மேசைக்காக அவரோடு ஏன் சண்டை, அம்மா சொன்னதில் எந்தச் சொல் சுட்டது என்று ஒவ்வொன்றையும் அவளுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும்போது ஆனுக்கே அது முதன்முறையாக முழு உருவில் தெரிகிறது. தன்னையே இரண்டாக்கி ஒன்றோடொன்று பேசவைக்கும் இந்த வழி நம் இலக்கியத்துக்கும் பழக்கமானது. பிரிவில் வாடும் தலைவி தன் நெஞ்சையே எதிரில் நிறுத்திப் பேசுவதற்காகத் திருவள்ளுவர் ‘நெஞ்சொடு கிளத்தல்’ என்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். தோழியிடம்கூடச் சொல்ல முடியாததை நெஞ்சிடம் சொல்லலாம் என்பதை அறிந்தவர் அவர்.

பதின்பருவத்தில் இந்தத் தேவை ஏன் இத்தனை கூர்மையாகிறது என்பதற்கு வலுவான விடைகள் கிடைத்திருக்கின்றன. எரிக் நூக்கும் அவருடைய சகாக்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வொன்றில் ஐந்து வயது முதல் இருபத்தைந்து வயது வரை உள்ளவர்களுக்குப் படங்களைக் காட்டி, ஒவ்வொரு படமும் எந்தெந்த உணர்ச்சியை எவ்வளவு எழுப்புகிறது என்று கேட்டார்கள். சின்னக் குழந்தைகள் ஒரு நேரத்தில் ஓர் உணர்ச்சியைத்தான் சொன்னார்கள்: கோபம் என்றால் கோபம், பயம் என்றால் பயம். பெரியவர்களுக்குப் பல உணர்ச்சிகள் ஒன்றாக வந்தாலும் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்திருந்தது. நடுவில் இருக்கும் பதின்பருவத்தினருக்குத்தான் சிக்கல். கோபம், வெட்கம், பயம், வருத்தம் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோதுகின்றன. எது எது என்று பிரிக்கும் திறன் அந்த வயதில்தான் மிகக் குறைவு. பதினான்கு வயதுப் பெண்ணிடம் ‘என்னம்மா ஆச்சு?’ என்று கேட்டால் ‘ஒண்ணுமில்ல’ என்று பதில் வருவது பல நேரங்களில் பிடிவாதமல்ல. சொல்வதற்குப் பெயர் கிடைக்கவில்லை. பெயர் கிடைப்பதே ஓர் ஆறுதல் என்பதற்கும் சான்று உண்டு. மாத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் வெளியிட்ட மூளைப் படப்பிடிப்பு ஆய்வில், பயமோ கோபமோ தெரியும் முகங்களைப் பார்த்து அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, ஆபத்துக்கு மணியடிக்கும் அமிக்டலா பகுதியின் வேகம் குறைந்தது. அதே நேரம் நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளையின் வலப்புறப் பகுதி ஒன்று சுறுசுறுப்படைந்தது. அதே முகத்துக்கு ஓர் ஆளின் பெயரைப் பொருத்தச் சொன்னால் இந்தப் பலன் வரவில்லை. உணர்ச்சிக்கான சொல்லைத் தேடுவது பெயர் சூட்டும் சடங்காக நின்றுவிடவில்லை, அந்த உணர்ச்சியின் மீது ஒரு பிடியையும் தருகிறது. முன்மூளை இன்னும் முதிர்ந்துகொண்டிருக்கும் வயதில், தினமும் இந்தப் பிடியைப் பழகிக்கொள்ள டைரி இடம் தருகிறது. அதோடு, நடந்த நிகழ்ச்சிகளைக் கோத்து ‘நான் இப்படிப்பட்டவள் ஆனது இதனால்’ என்று ஒரு வாழ்க்கைக் கதையாகச் சொல்லும் திறன் பதின்பருவத்தில்தான் உருவாகிறது என்று டில்மன் ஹாபர்மாஸ், சூசன் பிளக் ஆகியோர் 2000இல் சான்றுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். டைரியைக் கைவிடாமல் எழுதும் பிள்ளைகள் பலர் இந்த வயதில் தொடங்குகிறார்கள் என்றால், மனம் அதற்குத் தயாராவதும் அப்போதுதான்.

டைரியில் இன்னொரு கேட்பவளும் இருக்கிறாள். அவளைப் பற்றித்தான் நாம் குறைவாகப் பேசுகிறோம். சில மாதங்களோ ஓராண்டோ கழித்து அதே பக்கங்களைத் திறந்து பார்க்கப்போகும் அதே பெண். பேச்சு காற்றோடு போய்விடும். பேசிய கோபத்தை நாம் நினைவிலிருந்தே மீட்கிறோம், மீட்கும்போதெல்லாம் அதை நமக்குச் சாதகமாகத் திருத்திக்கொள்கிறோம். எழுதியது அப்படியே நிற்கும். 1944 ஜனவரி 2 அன்று ஆன் தன் பழைய பக்கங்களைப் புரட்டினாள். அம்மா எடித்தைப் பற்றித் தான் எழுதியிருந்த கடுஞ்சொற்களைப் பார்த்து அதிர்ந்தாள். இதை எழுதியது நான்தானா என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். அன்று தன் கோபத்துக்குள் மூழ்கியிருந்ததால் அம்மாவின் இடத்திலிருந்து பார்க்கவே தோன்றவில்லை, அம்மாவுக்குத் தன்னைப் புரியாததுபோலத் தனக்கும் அம்மாவைப் புரியவில்லை என்ற முடிவுக்கு வந்தாள். அம்மாவோடு அவளுக்கு முழு இணக்கம் அதன்பிறகும் வந்துவிடவில்லை; ஆனால் குற்றச்சாட்டு ஒருதலையாக இருந்தது என்பதை அவளே கண்டாள். அதே மாதம் 22ஆம் தேதி, 1942 நவம்பரில் எழுதிய பக்கம் ஒன்றின் கீழே, இப்படியெல்லாம் இனி என்னால் எழுத முடியாது என்ற பொருளில் ஒரு குறிப்பையும் சேர்த்தாள். பதினான்கு வயதுப் பெண் பதின்மூன்று வயதுப் பெண்ணைத் தள்ளி நின்று பார்க்கிறாள். தன்னைத் தள்ளி நின்று பார்க்கும் இந்தச் செயலை ஈத்தன் கிராஸ், ஓஸ்லெம் ஐடுக் இருவரும் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். கசப்பான நிகழ்ச்சி ஒன்றை உள்ளேயிருந்து மறுபடி வாழ்ந்து பார்ப்பவர்களுக்குக் கொந்தளிப்பு கூடுகிறது. ஒரு பார்வையாளர் போல விலகி நின்று ‘ஏன் அப்படி நடந்தது’ என்று கேட்பவர்களுக்குக் குறைகிறது. ஆப்பிரிக்க அமெரிக்கப் பதின்பருவத்தினரிடம் நடத்திய ஆய்வு ஒன்றிலும் இதே போக்குத் தெரிந்தது. காலம் தானாகத் தரும் இந்த விலகலைக் கண்ணால் பார்க்கக் கூடியதாக ஆக்குகிறது பழைய டைரி.

இங்கே ஒரு தடை எழுவது இயல்பு. கற்பனைத் தோழியோடு பேசும் பெண் நிஜத் தோழிகளிடமிருந்து விலகிவிட மாட்டாளா? அறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதும் மகளைப் பார்க்கும் அம்மாவின் கவலையும் இதுவே. இந்தக் கவலையில் நியாயம் இருக்கிறதா என்று ஜெர்மன் உளவியலாளர் ஸைஃப்கே-கிரென்கே சோதித்துப் பார்த்தார். பதின்பருவத்தினர் எழுதிய டைரிகளையும், 12 முதல் 17 வயதுக்குட்பட்ட இருநூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நிரப்பிய வினாத்தாள்களையும் வைத்து அவர் 1997இல் வெளியிட்ட முடிவு தெளிவானது. டைரியில் ஒரு கற்பனைத் துணையைப் படைத்துக்கொள்பவர்கள் நட்பில் ஏழைகள் அல்ல. பழகும் திறனும் படைப்பூக்கமும் கூடுதலாக உள்ளவர்களே அப்படிச் செய்தார்கள். அந்தத் துணை நிஜ மனிதர்களுக்கு மாற்றாக வரவில்லை. ஆனின் விஷயமும் அப்படித்தான். பள்ளியில் அவளைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம் இருந்தது. அவளுக்குக் குறைந்தது ஆட்கள் அல்ல. மேலோட்டமான பேச்சைத் தாண்டிப் போக முடியாததுதான் குறை. தோழிகளிடம் பேசுவதற்கே ஓர் எல்லை உண்டு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 2002இல் அமாண்டா ரோஸ் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், இரண்டு தோழிகள் ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்ப ஒருவர்க்கொருவர் பேசி அசைபோடும் பழக்கம் பெண்களிடம் அதிகம் காணப்பட்டது. அது நட்பின் நெருக்கத்தோடும் தொடர்புடையது. மனச்சோர்வோடும் பதற்றத்தோடும் கூடத் தொடர்புடையது. தோழி நம் பக்கம் சேர்ந்துகொண்டு கோபத்துக்குக் கோபம் சேர்ப்பாள். கிட்டி அப்படிச் செய்ய மாட்டாள். அவள் தலையாட்டுவதும் இல்லை, மறுப்பதும் இல்லை. எழுதியவளே எழுதியதற்குப் பதில் தேட வேண்டியிருக்கிறது.

இரண்டாவது தடை இதைவிடக் கடுமையானது, அதை நேராகச் சந்திக்க வேண்டும். எழுத்தின் பலன் உண்மையில் எவ்வளவு? ஜோவன் ஃபிராட்டரோலி 2006இல் இத்தகைய 146 சோதனைகளைத் திரட்டி மதிப்பிட்டபோது, சராசரிப் பலன் நிஜம்தான் என்றாலும் சிறியது என்று தெரிந்தது. பதின்பருவத்தினரிடம் நடந்த 21 ஆய்வுகளை மட்டும் 2015இல் தொகுத்த டிராவஜின் குழுவினரும் அதே முடிவைத்தான் கண்டார்கள். சிலருக்கு எழுத்து தீங்காகவும் ஆகலாம். சமீபத்தில் மணவாழ்வு முறிந்தவர்களை வைத்து டேவிட் ஸ்பாரா குழுவினர் செய்த ஆய்வில், ஏற்கெனவே எதையும் மனதில் அசைபோட்டுக்கொண்டே இருக்கும் இயல்புள்ளவர்கள் உணர்ச்சிகளை எழுதியபோது, சாதாரண அன்றாட விஷயங்களை எழுதியவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். பிரிட்டனில் 2004இல், டைரி எழுதுபவர்களுக்குத் தலைவலி, தூக்கமின்மை போன்ற புகார்கள் எழுதாதவர்களைவிட அதிகம் என்று ஓர் ஆய்வு சொன்னது. இந்தக் கடைசி முடிவை மட்டும் எளிதில் விளக்கலாம். மனம் சரியில்லாதவர்கள் டைரியைத் தேடிப் போவது அதிகம். மருந்துக்கடை வாசலில் நோயாளிகளே நிற்கிறார்கள் என்பதால் மருந்துக்கடை நோயைப் பரப்புகிறது என்று ஆகிவிடாது. மற்ற இரண்டும் அவ்வளவு சுலபமாக ஒதுக்கக் கூடியவை அல்ல. சோதனைகளில் பங்கேற்பவர்கள் வேறொருவர் கொடுத்த தலைப்பில் மூன்று நான்கு நாள் எழுதுகிறார்கள், எழுதியதை ஆய்வாளர்களிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், திரும்பிப் படிப்பதில்லை. ஆண்டுக்கணக்கில் தனக்கென எழுதி, தானே மீண்டும் படிக்கும் ஒரு பெண்ணின் டைரிக்கு அது முழு அளவுகோல் ஆகாது. ஸ்பாராவின் எச்சரிக்கையை நான் மறுக்கவில்லை. என் வாதத்துக்கு அது துணையாகவே நிற்கிறது. ஒரே காயத்தை ஒரே சொற்களில் தினமும் கிளறும் டைரி, புஷ்மனின் குத்துப்பை செய்ததையே செய்யும். அந்த வட்டத்திலிருந்து வெளியே வர ஒரு கேட்பவள் வேண்டும். ‘பிறகு என்ன ஆனது?’, ‘அவள் ஏன் அப்படிச் சொன்னாள்?’ என்று அவள் கேட்கக் கூடும் என்ற எண்ணம் இருந்தால்தான் கதை நகரும். இன்றைக்கு என்ன சாப்பிட்டோம், வகுப்பில் யார் சிரிக்கவைத்தார்கள் என்று அற்பமாகத் தோன்றுவதையும் எழுதும் டைரிகள் இதனால்தான் ஆரோக்கியமானவை. ஆன் உருளைக்கிழங்கு உரிப்பதைப் பற்றியும் எழுதினாள், பூனைகளைப் பற்றியும் எழுதினாள்.

ஆன் ஃபிராங்கை உதாரணமாக எடுப்பதே சரியா என்றும் கேட்கலாம். அவள் பிறவி எழுத்தாளர். அவள் சூழ்நிலை வேறு யாருக்கும் வரக் கூடாதது. அதோடு நாம் படிப்பது முதலில் எழுதிய டைரி மட்டும் அல்ல. 1944 மார்ச் 28 அன்று லண்டனிலிருந்து ஒலிபரப்பான ஆரஞ்சு வானொலியில், நெதர்லாந்து அமைச்சர் கெரிட் போல்கஸ்டைன், போர்க்காலக் கடிதங்களையும் டைரிகளையும் மக்கள் பத்திரப்படுத்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அதைக் கேட்ட ஆன், மே 20 முதல் தன் டைரியைத் தனித் தாள்களில் திருத்தி எழுதத் தொடங்கினாள். தனக்கு உற்ற தோழி இல்லை, ஆகவேதான் டைரி என்று 1942 ஜூன் 20 தேதியிட்டு வரும் புகழ்பெற்ற பகுதியும் அந்தத் திருத்திய பிரதியைச் சேர்ந்தது. ஆக, பதின்மூன்று வயதுச் சிறுமியின் வாக்குமூலமாக நாம் எடுத்துக்கொள்வது பதினைந்து வயதை எட்டிக்கொண்டிருந்த எழுத்தாளரின் அமைப்பு. இது என் வாதத்தைக் குலைப்பதாக எனக்குத் தோன்றவில்லை. முதற்பிரதியில் 1942 டிசம்பர் முதல் 1943 டிசம்பர் வரையிலான ஓராண்டு தொலைந்துபோனாலும், எஞ்சிய நோட்டுகள் நம்மிடம் இருக்கின்றன. கற்பனைத் தோழிகளுக்குக் கடிதம் எழுதும் பழக்கம், பிரசுர ஆசை வருவதற்கு வெகு முன்பே அந்தப் பக்கங்களில் இருக்கிறது. அம்மாவைப் பற்றிய மறுபரிசீலனையும் வானொலி அறிவிப்புக்கு மூன்று மாதம் முந்தியது. அவளுடைய திறமை அபூர்வமானது. அவள் செய்தது அபூர்வமானதல்ல. அக்கா மார்கோட்டும் டைரி எழுதினாள், அது கிடைக்கவில்லை. பதின்பருவத்தினரின் டைரிகளை 1920களிலேயே வியன்னாவில் சேகரித்து ஆராய்ந்த சார்லட் பியூலர் கண்டதும் புகழ்பெறாத சாதாரணப் பெண்களின் இதே தேடலைத்தான். டைரி ஆனின் உயிரைக் காப்பாற்றவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1945இன் தொடக்கத்தில் பெர்கன்-பெல்சன் முகாமில், பதினாறு வயது நிறையும் முன்பே அவள் இறந்தாள். எழுத்து கொடுமையைத் தடுக்காது. கொடுமைக்கு நடுவிலும் ஒருத்தி தன் மனதைத் தானே அறிந்து வளர உதவியது என்பதுவரைதான் நாம் உரிமை கோரலாம். அது சிறிய விஷயம் அல்ல.

இவையெல்லாம் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கின்றன: அந்த நோட்டை வேறு யாரும் படிக்கக் கூடாது. கேட்பவர் யார் என்பதை எழுதுபவளே தீர்மானிக்க முடிந்தால்தான் அவள் உண்மையைச் சொல்வாள். அம்மா படிக்கக்கூடும் என்று தெரிந்த கணத்தில் கிட்டி மறைந்து, அந்த இடத்தில் அம்மா உட்கார்ந்துவிடுவார்; பிறகு எழுதப்படுவது பாதுகாப்பான பொய்கள். ஃபிராட்டரோலியின் தொகுப்பிலும் வீட்டிலோ தனியான இடத்திலோ எழுதியவர்களுக்குப் பலன் கூடுதலாக இருந்தது. நெதர்லாந்தில் ஸ்கைலர் ஹாக் குழுவினர் குடும்பங்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது, பெற்றோர் தங்கள் அந்தரங்கத்தில் நுழைகிறார்கள் என்று உணர்ந்த பிள்ளைகள் மேலும் மறைக்கத் தொடங்கினார்கள், அந்தப் பெற்றோருக்குப் பிள்ளைகளைப் பற்றித் தெரிந்தது முன்பைவிடக் குறைந்தது. வேவு பார்த்தால் தெரியவரும் என்று நினைப்பது நேர்மாறாக முடிகிறது. ஓட்டோ ஃபிராங்க் தன் தோல் பையிலேயே மகளின் டைரியை வைத்துக்கொள்ள இடம் கொடுத்திருந்தார். கைதுக்குப் பின் தரையில் சிதறிக் கிடந்த தாள்களை எடுத்துப் பத்திரப்படுத்தியவர், ஒளிந்திருந்தவர்களுக்கு உதவிவந்த மீப் கீஸ். அவர் அவற்றில் ஒரு வரியும் படிக்கவில்லை. ஆன் திரும்பி வந்ததும் அவளிடம் கொடுக்க வேண்டும் என்றே வைத்திருந்தார். அவள் வரமாட்டாள் என்று உறுதியான பிறகுதான் ஓட்டோவின் கைக்கு அவை போயின. தனக்கு மிக நெருக்கமாக இருந்த மகளின் உள்ளத்தைத் தான் அறிந்திருக்கவில்லை என்று படித்தபிறகு அந்தத் தந்தை பலமுறை சொன்னார்.

நம் வீடுகளில் ஒரு பெண்ணுக்குத் தனி அறை கிடைப்பது அரிது. பூட்டுள்ள ஒரு மேசை இழுப்பறை கொடுப்பது பெரும்பாலான குடும்பங்களுக்கு முடியும். ஆன் தன் மேசைக்காக ஃபெஃபரோடு வாதாடியபோது அப்பா தலையிட்டு, வாரத்தில் இரண்டு பிற்பகல்களை அவளுக்குப் பெற்றுத்தந்தார். பெற்றோர் செய்யக்கூடிய உதவி அந்த அளவில் இருந்தால் போதும்: ஒரு நோட்டு, ஒரு மூலை, குறுக்கிடாத அரைமணி நேரம். எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். சில பிள்ளைகளுக்கு வரைவது பிடிக்கும், சிலருக்கு ஓடுவது. மகள் ஆபத்தில் இருந்தால் டைரியைப் பார்க்காமல் எப்படித் தெரியும் என்று கேட்கும் பெற்றோருக்கு ஒரு சொல். ஆபத்து டைரிக்குள் மட்டும் ஒளிந்திருப்பதில்லை. வாரக்கணக்கில் தூக்கம் கெடுவது, சாப்பாட்டை ஒதுக்குவது, பிடித்தவற்றைக் கைவிடுவது, உடலில் காயங்கள், சாவைப் பற்றிய பேச்சு எல்லாம் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுபவை. அப்படி ஏதாவது தெரிந்தால் அவளிடமே நேராக, பதறாமல் கேளுங்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்பது அந்த எண்ணத்தை விதைத்துவிடாது. அந்த நிலையில் டைரி போதாது, மனநல மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். இந்தியாவில் இருப்பவர்கள் அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.